வாய்ஸ் பிக்கிங்: காகிதப் பட்டியலை விட்டுவிட்டு ஹெட்செட்டுக்கு மாறலாமா?

#1 மூன்றாம்_வாசல்

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாகப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இப்போது நானே ஓர் இழை தொடங்க வேண்டிய நிலை.

எங்கள் கிடங்கில் ஒரு ஷிஃப்டுக்குச் சுமார் 40 பிக்கர்கள், அதாவது ஆர்டருக்கு வேண்டிய பொருள்களை ரேக்கிலிருந்து எடுத்து வருகிறவர்கள். இன்னமும் காகிதப் பட்டியல்தான். தாளைக் கிளிப் அட்டையில் மாட்டிக்கொண்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், எடுத்ததற்கு ஒரு டிக் போட வேண்டும். போன வாரம் ஒரு நிறுவனத்தார் வந்து வாய்ஸ் பிக்கிங் செய்து காட்டினார்கள். காதில் ஹெட்செட், இடுப்பில் சின்னதாக ஒரு கருவி. எந்த ரேக்குக்குப் போக வேண்டும் என்று அது சொல்கிறது, ஆள் போய் நின்று ஏதோ எண் சொல்கிறார், எடுக்கிறார், உடனே அடுத்த இடம். மேலாளர் அன்றைக்கே விழுந்துவிட்டார். "இனிமேல் தவறே வராது" என்று அவர்கள் சொன்னது அவர் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கன்வேயர் இரைச்சலில் இது கேட்குமா? ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறவர்கள் குரலை அது எப்படிப் புரிந்துகொள்ளும்? லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) பதிவு செய்ய வேண்டிய பொருள்களும் கொஞ்சம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு உண்மையிலேயே குறையுமா? கையில் வைத்துப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். விற்பனைக்காரர் பேச்சு போதுமான அளவு கேட்டாயிற்று.

#2 புதுவரவு

ஒரு ரோபோ வாங்கிப் போட்டுவிடலாமே சார் 🙂

#3 பழைய_ஹெட்செட்

பல கிடங்குகளில் இதை நிறுவிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு இடங்களில் கழற்றியும் கொடுத்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், அந்த ஆள் சொன்ன "ஏதோ எண்" என்ன என்று பார்ப்போம். இந்த விஷயத்தின் உயிரே அதுதான். ஒவ்வொரு ஸ்லாட்டிலும், அதாவது ரேக்கில் ஒரு பொருளுக்கென்று உள்ள இடத்திலும், இரண்டு அல்லது மூன்று இலக்கம் கொண்ட ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதற்குச் செக் டிஜிட் என்று பெயர். கருவி "வரிசை 12, ஸ்லாட் 36" என்று சொல்லும். பிக்கர் அங்கே போய் லேபிளைப் பார்த்து "நாலு ஏழு ரெண்டு" என்பார். அது சரியாக இருந்தால்தான் "எடு, 3" என்று எண்ணிக்கையைச் சொல்லும். எடுத்துவிட்டு "மூணு" என்று திருப்பிச் சொன்னதும் அடுத்த இடத்தைச் சொல்லும். அவ்வளவுதான் உரையாடல். ஒரு நாள் முழுக்க இதேதான்.

இந்த எண் சும்மா ஒட்டிய அலங்காரம் இல்லை. பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுகளுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்களாக இருக்க வேண்டும். 471, 472, 473 என்று வரிசையாக ஒட்டிய கிடங்கு ஒன்றைப் பார்த்தேன். ஆள்கள் பார்க்காமலே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

இரைச்சலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். மைக் சுற்றுச் சத்தத்தைக் கழித்துத்தான் குரலை எடுக்கிறது. அதை வாயோரத்தில், இரண்டு விரல் இடைவெளியில் வைத்துக்கொண்டால் போதும். பாதிப் பேர் அதை நெற்றிக்குத் தூக்கி வைத்துக்கொண்டு "மெஷின் கேட்கவே மாட்டேன் என்கிறது" என்று புகார் சொல்வார்கள். மூக்குக்கு நேரே வைத்தால் மூச்சுக் காற்றே ஒரு சொல்லாகப் பதிவாகும், அது வேறு தலைவலி.

தவறு குறையுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லும் முன் ஒன்று கேட்கிறேன். உங்கள் தவறுகள் எந்த வகை? தவறான ஸ்லாட்டில் கை வைத்ததா, எண்ணிக்கை பிசகியதா, பட்டியலில் ஒரு வரியையே தாண்டிப் போனதா, இல்லை ஸ்லாட்டுக்குள் இருந்த பொருளே வேறா? இது தெரியாமல் கருவி வாங்குவது, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் கூரை முழுவதையும் பிரிப்பது மாதிரி.

#4 சிவப்புக்கோடு

நேரடியாகவே சொல்கிறேன், ஸ்கேனர் வாங்குங்கள். விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்ளும் ஸ்கேனர் வந்து பல வருடம் ஆகிவிட்டது. கை காலியாகத்தான் இருக்கும். பார்கோடில் ஸ்கேனரின் சிவப்புக் கோடு விழுந்தால் அந்தப் பொருள்தான் என்பது உறுதி. வாய்ஸில் ஆள் எந்தப் பொருளை எடுத்தார் என்று கருவிக்குத் தெரியவே தெரியாது. ஆள் எங்கே நிற்கிறார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

#5 பழைய_ஹெட்செட்

சிவப்புக்கோடு சொன்னதில் பாதி உண்மை, நானே அந்தப் பாதியைப் பெரிய எழுத்தில் எழுதுவேன். வாய்ஸ் சரிபார்ப்பது இடத்தைத்தான், பொருளை அல்ல. ரேக்கில் சரக்கு நிரப்புகிற ஆள் 36-ஆம் ஸ்லாட்டில் தப்பான பெட்டியை அடுக்கியிருந்தால், பிக்கர் முழுச் சரியாகச் செக் டிஜிட் சொல்லி, முழுச் சரியாக எண்ணி, தப்பான பொருளை அனுப்பிவைப்பார். கருவி கைதட்டாத குறைதான்.

வேண்டுமானால் பொருளின் பார்கோடில் கடைசி மூன்று இலக்கத்தைச் சொல்ல வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பெட்டியைத் திருப்பி, பார்கோடைத் தேடி, கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டும். வாய்ஸால் மிச்சப்பட்ட நொடி அங்கேயே போய்விடும். குழப்பம் வரும் பொருள்களுக்கு மட்டும் அதை வைப்பது நல்லது: ஒரே நிறப் பெட்டி, அளவு மட்டும் வேறு, அந்த மாதிரி. லாட் எண்ணுக்கும் இதே பேச்சுதான். எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கத்தை வாயால் சொல்ல வைப்பது கொடுமை. அங்கே ஸ்கேனரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குரலும் ஸ்கேனும் ஒரே கருவியில் சேர்ந்தே வருகின்றன, இரண்டும் எதிரிகள் இல்லை.

#6 கீழ்த்தட்டு

நான் பிக்கர். ஹெட்செட் மாட்டி நாலு வருடம் ஆகிறது. இங்கே எல்லோரும் வாங்குகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள், அதனால் மாட்டிக்கொள்கிறவன் பக்கமும் கொஞ்சம்.

முதல் வாரம் வெறுத்துப் போனேன். வீட்டில் படுத்தால்கூடக் காதுக்குள் "வரிசை 9, ஸ்லாட் 14" என்று ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் தாளே வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஏன் என்றால் இரண்டு கையும் காலி, கண்ணும் காலி. தாளில் 17-ஆவது வரியா 18-ஆவது வரியா என்று விரல் வைத்துத் தேடுகிற வேலை இல்லை. டிக் போட மறந்து ஒரே பெட்டியை இரண்டு தடவை எடுப்பது இல்லை. வரி விடுபடுவது அநேகமாக நின்றுபோனது.

அப்புறம் வேகம். அந்தக் குரல் பேசும் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். நான் வைத்திருக்கும் வேகத்தை வெளியாள் கேட்டால் தேனீக்கூட்டம் என்றுதான் நினைப்பார். ஒருமுறை புதிதாக வந்த சூப்பர்வைசர் என் ஹெட்செட்டை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, கெட்டுப்போயிருக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டார்.

இனி கசப்பான பக்கம். தாள் இருந்தபோது முழு ஆர்டரும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கனமானது பின்னால் வருகிறது என்று தெரிந்தால் பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகையில்) அதற்கு இடம் விட்டு அடுக்குவோம். வாய்ஸில் அடுத்த வரி மட்டும்தான் தெரியும். காகிதக் குவளைப் பெட்டிகளை அழகாக அடுக்கி முடித்த பிறகு "எடு, 6" என்று 20 லிட்டர் கேன் வரும். இறக்கி, மறுபடி அடுக்கு. எத்தனை தடவை அந்தக் குரலைத் திட்டியிருக்கிறேன் தெரியுமா! அதற்குத் திட்டு புரியாது, "மறுபடி சொல்லவும்" என்றுதான் கேட்கும்.

#7 மூன்றாம்_வாசல்

@கீழ்த்தட்டு அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்தக் கனமான பொருள் பிரச்சினைக்கு வழி எதுவும் கண்டுபிடித்தீர்களா?

#8 கீழ்த்தட்டு

கண்டுபிடித்தது நாங்கள் இல்லை தம்பி, கிடங்கையே மாற்றினார்கள். கனமான பொருள்களை நடைபாதைத் தொடக்கத்தில் வைத்து, நொறுங்கக்கூடியதைக் கடைசிக்குத் தள்ளினார்கள். நடக்கும் வரிசையே அடுக்கும் வரிசையாகிவிட்டது. கூடவே ஆர்டர் தொடங்கும்போதே மொத்தம் எத்தனை வரி, எத்தனை பெட்டி, எவ்வளவு எடை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். அது போதும், மனதுக்குள் ஒரு படம் வந்துவிடும்.

#9 மைனஸ்_இருபத்தைந்து

பெயரைப் பார்த்தாலே தெரியும், உறைகுளிர்க் கிடங்கில் வேலை. எங்களைக் கேட்டால் விவாதமே இல்லை. தடித்த கையுறையோடு சின்னத் திரையைத் தொட்டுப் பாருங்கள், பேனாவால் டிக் போட்டுப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் போய் வருவதில் ஸ்கேனர் கண்ணாடி பனி பிடித்துப் போகும். ஹெட்செட்டுக்குக் கையும் வேண்டாம், திரையும் வேண்டாம்.

ஆனால் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரி கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மைக்கின் நுரை உறையில் மூச்சு ஈரம் படிந்து உறையும், ஷிஃப்டுக்கு நடுவில் மாற்ற வேண்டும். குளிர்விசிறிக்கு நேர் கீழே நின்று பேசினால் யாருக்குத்தான் கேட்கும், மெஷினை மட்டும் குறை சொல்லக் கூடாது.

#10 வரிசை_எண்

மென்பொருள் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. இரண்டு வார்த்தை என்று சொல்லி நீட்டிவிடுவேன், மன்னிக்கவும்.

இதைப் புதுசாக முளைத்த செயற்கை நுண்ணறிவு மாதிரி விற்கிறார்கள். இந்தக் குரல் கருவிகளைச் செய்த வோகலெக்ட் நிறுவனம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் தொடங்கியதே 1987-இல். 2011-இல் இன்டர்மெக் அதை வாங்கியது, 2013-இல் இன்டர்மெக்கை ஹனிவெல் வாங்கியது. அன்றைய சின்னக் கருவியில் இது ஓடியதற்குக் காரணம், அதற்குத் தெரிய வேண்டிய சொற்கள் மிகக் குறைவு என்பதுதான். பத்து இலக்கம், ஆமாம், இல்லை, தயார், மறுபடி, குறைவு, இடைவேளை, இன்னும் சில. நம் கைபேசி உதவியாளர் மாதிரி உலகத்தில் உள்ள எல்லாச் சொல்லையும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. ஒரு ஸ்லாட்டில் எந்த விடை வர வேண்டும் என்பதும் அதற்கு முன்பே தெரியும். அதனால்தான் இரைச்சலிலும் தாக்குப்பிடிக்கிறது.

குரல் புரிந்துகொள்வதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆளுக்கு ஆள் பயிற்சி கொடுப்பது. புது ஆள் அரை மணிநேரம் போல உட்கார்ந்து, திரையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் சில தடவை சொல்லிக்காட்ட வேண்டும். அவர் குரல் மாதிரி அவர் பெயரில் சேமிக்கப்படும். எந்த மொழியில் சொன்னாலும், எந்த வட்டார உச்சரிப்பில் சொன்னாலும் அதற்குக் கவலை இல்லை. இரண்டாவது, பயிற்சியே இல்லாமல் யார் பேசினாலும் புரிந்துகொள்வது. தற்காலிக ஆள்கள் வந்து போகும் இடத்துக்கு இது வசதி. ஆனால் அது ஏற்கெனவே கற்ற மொழிக்குள், ஏற்கெனவே கேட்ட உச்சரிப்புக்குள் உங்கள் ஆள்கள் அடங்குகிறார்களா என்று முதலிலேயே சோதிக்க வேண்டும். செய்துகாட்ட வந்தவர் பேசியதை அது புரிந்துகொண்டது சோதனை ஆகாது. அவர் அந்தக் கருவியோடு வருடக்கணக்காகக் குடும்பம் நடத்துகிறவர்.

#11 பழைய_ஹெட்செட்

பயிற்சி பற்றி வரிசை_எண் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதில் சறுக்காத இடமே நான் பார்க்கவில்லை.

பயிற்சி அறையில் உட்கார்ந்ததும் ஆள்களுக்கு வானொலிச் செய்தி வாசிக்கும் நினைப்பு வந்துவிடும். "ஐந்து", "ஒன்பது", "நான்கு" என்று ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாகச் சொல்வார்கள். தளத்துக்குப் போனதும் பழையபடி "அஞ்சு", "ஒம்போது", "நாலு". கருவிக்கு இது யாரோ வேற்றாள். அன்றைக்கு முழுக்க "மறுபடி சொல்லவும்". அதனால் பயிற்சியைத் தளத்தில் வைத்தே கொடுங்கள், கன்வேயர் ஓடும்போதே. வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சளி பிடித்தால் குரல் மாறும், அப்போது தகராறு செய்யும் ஓரிரு சொல்லை மட்டும் மறுபடி பதிந்தால் போதும்.

எந்த மொழியில் எண்ணுவது என்பதும் யோசிக்க வேண்டியது. ஆங்கில இலக்கங்களில் ஃபைவும் நைனும் ஒன்றுக்கொன்று குழம்பும். விமானி வானொலியில் ஒன்பதை "நைனர்" என்று சொல்ல வைத்ததே அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். தமிழில் அஞ்சும் ஒம்போதும் கிட்டவே வராது. ஆனால் ஆறும் ஏழும் வால் தேய்ந்து மெல்லிசாக முடிகிற சொற்கள். அவசரத்தில் சொன்னால் முதல் எழுத்து மட்டும்தான் காதில் விழும். எட்டு, பத்து வாயில் நன்றாக நிற்கும். செக் டிஜிட்டை இலக்கம் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும், "நானூற்று எழுபத்திரண்டு" என்று சொல்லக் கூடாது என்பதையும் முதல் நாளே பழக்குங்கள்.

#12 சிவப்புக்கோடு

எல்லாம் சரி, விற்பனையாளர்கள் சொல்லும் 99.9 சதவீதத் துல்லியம் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே? ஒரு நாளைக்கு 20,000 வரி எடுக்கும் கிடங்கில் 0.1 சதவீதம் என்றால் 20 தப்பு வரி. தினமும் 20 வாடிக்கையாளர் போன். 99.9 என்று சொன்னால் இனிக்கிறது, 20 என்று சொன்னால் கசக்கிறது.

#13 பழைய_ஹெட்செட்

கணக்கு சரிதான். கூடவே "எதோடு ஒப்பிட்டு" என்றும் கேட்க வேண்டும். காகிதத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ஒழுங்காக நடக்கும் ஸ்கேனர் கிடங்கோடு ஒப்பிட்டால் துல்லியத்தில் பெரிய லாபம் இருக்காது, வேகத்தில்தான் இருக்கும்.

வேகத்திலும் ஓர் எல்லை உண்டு. பாடப்புத்தகங்களில் அடிக்கடி எடுத்தாளும் கணக்குப்படி, கிடங்கு இயக்கச் செலவில் பாதிக்கு மேல், 55 சதவீதம் வரை, பிக்கிங்குக்கே போகிறது. பிக்கரின் நேரத்தில் சுமார் பாதி நடப்பதிலேயே கழிகிறது. ஹெட்செட் மாட்டியதால் யாருக்கும் கால் நீளமாகிவிடாது. அது மிச்சம் பிடிப்பது தாளைத் தேடுவது, படிப்பது, டிக் போடுவது, மேசைக்குப் போய் அடுத்த தாள் வாங்குவது ஆகிய துண்டு நேரங்களை. நடையைக் குறைக்க வேண்டுமானால் நிறையப் போகும் பொருளை வாசலுக்கு அருகே கொண்டுவர வேண்டும், இரண்டு மூன்று ஆர்டரை ஒரே சுற்றில் சேர்த்து எடுக்க வேண்டும். சேர்த்து எடுப்பதில் வாய்ஸ் கைகொடுக்கும், எந்தப் பெட்டியில் எத்தனை போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வரும்.

#14 புதுவரவு

கண்ணாடி இருக்கிறதே? கண்ணுக்கு முன்னாலேயே அம்புக்குறி காட்டும் ஸ்மார்ட் கண்ணாடி. டி.எச்.எல். செய்தார்களே.

#15 வரிசை_எண்

ஆமாம், நெதர்லாந்தில் பெர்கன் ஓப் ஜூம் கிடங்கில் மூன்று வாரச் சோதனை. பிக்கிங் திறன் 25 சதவீதம் கூடியதாக 2015-இல் அவர்களே அறிவித்தார்கள். அறிவித்தது அவர்களேதான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மூன்று வாரம் புதுமை தாங்கும். எட்டு மணிநேரம், வருடம் முழுக்க மூக்கின் மேல் அந்தக் கனத்தை வைத்திருப்பவர் என்ன சொல்வார் என்பதுதான் எனக்குக் கேட்க ஆசை.

#16 கீழ்த்தட்டு

நான் இன்னொரு ரகசியம் சொல்லப் போகிறேன், எங்கள் சூப்பர்வைசர் இந்த இழையைப் படிக்கக் கூடாது.

நாலு வருடத்தில் செக் டிஜிட் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். மனப்பாடம் செய்ய வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை, தானாக வந்துவிடும். வரிசை 12, ஸ்லாட் 36 என்றால் 472. அப்புறம் என்ன ஆகும்? நடந்துகொண்டிருக்கும்போதே "நாலு ஏழு ரெண்டு" என்று சொல்லிவிடுவோம். எண்ணிக்கை முன்னாலேயே தெரிந்துவிடும், போனதும் எடுக்கலாம், இரண்டு நொடி மிச்சம். அவசரத்தில் பக்கத்து ஸ்லாட்டில் கை போனால் கேட்க யாரும் இல்லை. புது ஆள் செய்யும் தவறைவிட எங்களைப் போன்ற பழைய ஆள் செய்யும் தவறு இப்படித்தான் வருகிறது.

ஒரு பிராயச்சித்தமும் சொல்கிறேன்: அதிகம் போகும் ஸ்லாட்டுகளின் லேபிளை அவ்வப்போது மாற்றுங்கள். எங்கள் கிடங்கில் மாற்றிய அன்று எல்லோருக்கும் கோபம். எனக்கும்தான்.

#17 மூன்றாம்_வாசல்

சிரித்துவிட்டேன் அண்ணே. இன்னொன்றும் கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்கப் பேசி தொண்டை என்ன ஆகிறது? ஒவ்வொரு நொடியும் பதிவாகிறது என்ற உறுத்தல் இருக்கிறதா?

#18 கீழ்த்தட்டு

தொண்டை... ஒரு மணிநேரத்துக்கு 120 வரி என்று வைத்துக்கொள். வரிக்கு இரண்டு முறை பேச வேண்டும். ஏழு மணிநேரத்தில் 1,680 முறை. எல்லாம் எண்கள். கத்தத் தேவையில்லை என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மெதுவாக, சாதாரணமாகப் பேசினாலே போதும். பக்கத்தில் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள், வெட்டிச் செலவு இல்லை.

பதிவாவது உறுத்தும். கழிவறைக்குப் போனால்கூட "இடைவேளை" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், வந்து "தயார்" என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் இடையே எத்தனை நிமிடம் என்பது ஒரு அறிக்கையில் நிற்கும். முன்பு வேலை பார்த்த இடத்தில் அந்த அறிக்கையைச் சுவரில் ஒட்டினார்கள். அன்றைக்கே நல்ல ஆள்கள் வேறு வேலை தேட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது இருக்கும் இடத்தில் அப்படி இல்லை, அதனால்தான் நாலு வருடமாக இருக்கிறேன். கருவி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இன்னொன்று, பேச்சுத் துணை போய்விடும். தாள் காலத்தில் எதிரே வருகிறவனிடம் நாலு வார்த்தை பேசுவோம். இப்போது பேசினால் அவன் மைக்கில் நம் எண் விழும். எல்லோரும் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம், யாரும் யாரோடும் பேசுவதில்லை.

#19 மைனஸ்_இருபத்தைந்து

கடைசி வரி 👏

ஹெட்செட் ஒரு காதுக்கு மட்டும் உள்ளதாகவே வாங்குங்கள். மறு காது ஃபோர்க்லிஃப்ட் ஹாரனுக்கு. ஹெட்செட் ஆளுக்கு ஒன்று, இடுப்புக் கருவியை ஷிஃப்டுக்கு ஷிஃப்டு பகிர்ந்துகொள்ளலாம். இன்னொருவர் எச்சில் பட்ட நுரையை வாயோரம் வைத்துக்கொள்ள யாருக்கும் பிடிக்காது.

#20 வரிசை_எண்

பதிவு என்றதும் நினைவுக்கு வந்தது. சேமித்து வைக்கும் குரல் மாதிரி யாருடையது, ஆள் வேலையை விட்டுப் போனால் அது அழிக்கப்படுமா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008-இல் கொண்டுவந்த உயிரளவைத் தனியுரிமைச் சட்டத்தில் கைரேகை, விழித்திரையோடு குரல்ரேகையும் பட்டியலில் இருக்கிறது. சொற்களை அடையாளம் காண வைத்திருக்கும் மாதிரி குரல்ரேகை ஆகுமா என்பது வழக்கறிஞர்கள் சண்டை போட வேண்டிய விஷயம். நாம் ஆள்களிடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டால் அந்தச் சண்டைக்கு நடுவில் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் வைஃபை. ரேக்குகளில் சரக்கு நிறைந்தால் அலைபரப்பு மாறும். காலிக் கிடங்கில் அளந்த அளவு நிறைந்த கிடங்குக்கு ஆகாது. தண்ணீர் பாட்டில் அடுக்கிய வரிசை ஒரு சுவர் மாதிரி. இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் கருவி ஆர்டரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தொடரும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் பேசும் என்றால், ஆள் நடைபாதையில் சிலையாக நிற்பார்.

#21 நெறியாளர்

விலை கேட்டுத் தனிச்செய்தி அனுப்பும் விற்பனையாளர்களுக்கு: வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

#22 மூன்றாம்_வாசல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பழைய_ஹெட்செட் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசி இரண்டு மாதப் புகார்களை எல்லாம் எடுத்து உட்கார்ந்து பிரித்தேன். எண்ணிக்கைப் பிசகு கொஞ்சம் இருந்தது. வரி விடுபட்டது நான் நினைத்ததைவிட அதிகம். ஆனால் பாதிக்கு மேல் வேறு கதை: பிக்கர் சரியான ஸ்லாட்டுக்குத்தான் போயிருக்கிறார், ஸ்லாட்டில் இருந்ததே தப்பான பொருள். நிரப்புகிறவர்கள் இரவு ஷிஃப்டு. பேலட்டை இறக்கி, பெட்டியின் நிறத்தைப் பார்த்து அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அங்கே தாள்கூட இல்லை.

இத்தனை நாள் பிக்கர்களைத்தான் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒருவரிடம் நேற்று போய் மன்னிப்புக் கேட்டேன்.

மேலாளரிடம் இப்படிப் பிரித்து எழுதிய தாளைக் காட்டினேன். ஹெட்செட் வாங்கினால் இந்தப் பாதி அப்படியே இருக்கும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "சரி, என்ன செய்யலாம் சொல்" என்றார். இப்போது முடிவு இது: முதலில் நிரப்புகிறவர்களுக்கு ஸ்கேனர். பெட்டி பார்கோடு, ஸ்லாட் பார்கோடு, இரண்டும் பொருந்தினால்தான் இறக்க வேண்டும். அது நிலைத்த பிறகு முழுப்பெட்டி எடுக்கும் பகுதியில் மட்டும் ஆறு பேருக்கு வாய்ஸ். லாட் எண் பொருள்கள் இப்போதைக்கு அதில் சேராது.

#23 சிவப்புக்கோடு

நான் ஜெயித்தேன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#24 பழைய_ஹெட்செட்

நிரப்பும் இடத்தில் ஜெயித்தீர்கள், அங்கே நானும் உங்கள் கட்சிதான். வரி விடுபட்டது அதிகம் என்கிறாரே, அது என் பங்கு.

@மூன்றாம்_வாசல், ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது திறமைசாலிகளை மட்டும் எடுக்காதீர்கள். எதையும் நம்பாத ஒரு பழைய ஆளையும், போன மாதம் சேர்ந்த ஒருவரையும், சத்தமே வராமல் பேசுகிற ஒருவரையும் எடுங்கள். அவர்களுக்கு ஒத்துவந்தால் மற்றவர்களுக்கும் வரும். முதல் இரண்டு வாரம் வேகத்தை அளக்கவே வேண்டாம், கட்டாயம் குறையும். அந்த எண்ணைப் பார்த்து மேலாளர் பயந்துவிடுவார்.

#25 மூன்றாம்_வாசல்

எதையும் நம்பாத பழைய ஆள் எங்களிடம் தாராளமாக இருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டேன் என்று சொன்னேனே, அவரையே முதல் ஆளாகக் கேட்டிருக்கிறேன். "காதில் மாட்டுவதற்கு முன்னால் லேபிள் எங்கே ஒட்டப்போகிறீர்கள் என்று சொல்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கீழ்த்தட்டு அண்ணே, எங்கே ஒட்டுவது?

#26 கீழ்த்தட்டு

அந்த ஆளை விட்டுவிடாதே தம்பி.

ரேக்கின் குறுக்குச் சட்டத்தில், ஸ்லாட்டுக்கு நேர் நடுவில் ஒட்டுங்கள். இரண்டு ஸ்லாட்டுக்கு நடுவில் ஒட்டினால் எது யாருடையது என்று சண்டை வரும். கீழ்த்தட்டுக்கு உரிய லேபிளைக் கீழே ஒட்டாமல் அதற்கு மேலே உள்ள சட்டத்தில், கீழ்நோக்கி அம்பு போட்டு ஒட்டுங்கள். குனிவது பெட்டிக்காக மட்டும் இருக்கட்டும், எண்ணுக்காகவும் ஒரு தடவை குனிய வைக்காதீர்கள். என் பெயர் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்?